விதானத்துக் கறை

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல். தூத்துக்குடியில் உள்ள எங்கள் வீட்டின் உள்ளறையில், மேல்தளத்திலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து அம்மாவின் கட்டிலின்மேல் விழுந்தது. முறத்தளவு அகலம் இருக்கும். கட்டிலின் பலகை ஒன்று நடுவில் பிளந்துபோயிற்று. அம்மா அப்போது கட்டிலில் இல்லை. வாசலில் மீன்காரப் பெண்மணியின் குரல் கேட்டு எழுந்து போயிருந்தார். சாளைக்கு விலை பேசிக்கொண்டிருந்த வேளையில், உள்ளே எதுவோ இடிந்து விழும் ஓசை. ஓடிச்சென்று பார்த்தபோது தலையணையின்மேல் சிமெண்டுத் தூளும், அதன்மேல் செங்காவி நிறத்தில் துருவும் படிந்து கிடந்தன. மேலே, விழுந்த இடத்தில் இரும்புக் கம்பிகள் மூன்று வரிசையாகத் தெரிந்தன. அம்மா சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். பிறகு திரும்பிப்போய் மீனுக்குக் காசு கொடுத்தார். "அவளை வெயில்ல நிறுத்திவைக்கலாமா?" என்று பின்னர் எங்களிடம் கேட்டார்.

மறுநாள் விடியுமுன் நாங்கள் மூவரும் அந்த அறையில் அண்ணாந்து நின்றோம். எங்களுள் ஒருவர் அம்மாவுடன் அந்த வீட்டிலேயே இருக்கிறார். மற்ற இருவர் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தோம். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதுவது மூவரையும் சேர்த்துத்தான். யார் எதைச் சொன்னோம் என்று பிரித்து எழுதப் புகுந்தால் வீட்டில் வீண் வம்பு வரும். அது வேண்டாம் என்று முதலிலேயே பேசி முடிவுசெய்துகொண்டோம்.

அந்த விதானத்தில் கறை புதிதன்று. 1979-இல் அப்பா கட்டிய வீடு அது. அவர் உப்பளத்தில் கணக்கராக இருந்தவர். 1990-களின் இறுதியில்தான் உள்ளறையின் மேல்தளத்தில் முதன்முதலாக ஒரு பழுப்பு நிறப் படலம் தென்பட்டது. அதையடுத்து மயிரிழை போன்ற விரிசல்கள் சில. அவை கோணல்மாணலாக ஓடவில்லை. அடிக்கோலால் கோடு கிழித்தாற்போல், ஏறத்தாழச் சம இடைவெளியில், நேராக ஓடின. அந்த நேர்கோடுகள் எதைச் சொல்லுகின்றன என்பது அன்று எங்களுக்குத் தெரியவில்லை. உள்ளே கம்பி எங்கே எங்கே கிடக்கிறதோ, அங்கெல்லாம் மேலே விரிசல் என்று அவை வரைபடம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தன. நாங்களோ, 'சிமெண்டு வெடித்திருக்கிறது, அவ்வளவுதான்' என்றிருந்தோம்.

ஆண்டுதோறும் திருவருகைக் காலம் பிறந்ததும் வெள்ளையடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா சிப்பிச் சுண்ணாம்பு வாங்கிவந்து, பானையில் போட்டு நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, துளி நீலமும் பசையும் சேர்ப்பார். முன்னறைக்கும் வெளிச்சுவருக்கும் ஆள் வரும். உள்ளறையின் மேல்தளத்தை மட்டும் வேறு யாரும் தொடக் கூடாது. அதனை அப்பாவே ஏணியில் ஏறி நார் மட்டையால் அடிப்பார். எழுபது வயதைக் கடந்த பின்னும் ஏறினார். கண்ணில் சுண்ணாம்பு தெறிக்கும். இறங்கிவந்து தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடியும் ஏறுவார். ஓர் ஆள் கூலியை மிச்சம் பிடிக்கிறார் என்றே நாங்கள் எண்ணினோம். 2009-இல், தளத்தை உடைத்துப் பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நாங்கள் பேச்செடுத்தபோது, "வெள்ளையடிச்சாப் போதும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அன்று எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. சிக்கனத்துக்கும் ஓர் எல்லை வேண்டாமா என்று எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம். 2011-இல் அவர் காலமானார்.

அதன் பின் சுண்ணாம்பு போய் எமல்ஷன் வந்தது. புதுப் பூச்சு முழுதாக ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பழுப்புக் கறை மறுபடியும் மேலே ஊறி வந்துவிட்டது. நீரில் கரையும் கறை, நீர் கலந்த வண்ணத்தில் கரைந்து மேலேறும். எண்ணெய் கலந்த பிரைமரை முதலில் அடித்து அதனைப் பூட்டிவிட வேண்டும் என்று பெயிண்டர் ஒருவர் சொன்னார். அதையும் செய்தோம். கறை பூட்டுண்டது, விரிசல் அகன்றது. 2015-இல் ஓர் ஒப்பந்தக்காரர் வந்து, உப்பிய பூச்சை மட்டும் கொத்தி எடுத்துவிட்டு, துருவேறிய கம்பிமேலேயே புதுச்சாந்து அப்பிவிட்டுப் போனார். இரண்டே ஆண்டில் அது உதிர்ந்தது. அவரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டது, விரைவில் முடியுங்கள் என்று அவரை விரட்டியவர்கள் நாங்கள்தாம்.

பிறகு 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தூத்துக்குடித் தெருக்களில் பல நாள் நீர் வடியவில்லை. எங்கள் மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாய் இலைகுப்பையால் அடைபட்டு, கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கு நீர் நின்றது. அந்த ஆண்டுதான் எங்கள் வீட்டில் வெள்ளையடிக்காத முதற் கிறிஸ்மஸ். அறை முழுவதும் கறை பரவியிருந்தது. அம்மா அதன் கீழேயே படுத்துறங்கினார். நாங்களும் அதை அனுமதித்தோம். இப்போது எழுதும்போதுதான் இது எத்தகைய மடமை என்று உறைக்கிறது.

பாளம் விழுந்த பின்னர் முதலில் வந்தவர் ஃபால்ஸ் சீலிங் போடுபவர். நல்ல பேச்சுக்காரர். கம்பிச் சட்டம் கட்டி, ஜிப்சம் பலகையை அடித்து, நடுவில் வட்டமாக விளக்குகள் வைத்துத் தருவதாகச் சொன்னார். மூன்றே நாள் வேலை, தூசு இல்லை, மேலே என்ன இருக்கிறது என்பதே கண்ணில் படாது. மறைக்க வெட்கப்படுவானேன், எங்களுள் இருவருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. முன்பணம் கொடுக்கும் கட்டம் வரையிலும் போய்விட்டோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "மேலே விழுறது, அந்தப் பலகை மேலே விழும், அப்படித்தானே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு முன்பணப் பேச்சு நின்றுவிட்டது.

அடுத்து வந்தவர் ஒரு முதிய கொத்தனார். எங்கள் பகுதி வழக்கப்படி அண்ணாச்சி என்றே அழைத்தோம். வந்தவர் விலை பேசவில்லை. ஏணியைக் கேட்டார், ஏறினார், மடியிலிருந்து சிறு சுத்தியலை எடுத்து, ஒரு மூலையிலிருந்து தொடங்கி, சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போனார். பழுதற்ற இடத்தில் 'ணங்' என்று கல்லில் தட்டும் ஓசை. பழுதான இடத்தில் 'பொத்' என்று, வற்றிய தேங்காயைத் தட்டினாற்போல் ஓர் உள்ளீடற்ற ஓசை. ஓசை மாறும் இடந்தோறும் சாக்கட்டியால் கோடிட்டார். அரைமணி நேரத்தில் விதானத்தின் மேல் ஒரு பெரிய வரைபடம் உருவாயிற்று. கண்ணுக்குத் தெரிந்த கறை ஒரு பக்கம். சுத்தியலுக்குத் தெரிந்த பழுது அதைப்போல் இருமடங்கு. கறையே இல்லாத இடங்களில்கூட உள்ளே பொய்யாகியிருந்தது.

பிறகு முன்னறையிலும் ஏறித் தட்டினார். அங்கே எங்கும் 'ணங்' தான். இறங்கி வந்து தலையைச் சொறிந்தார். "தம்பி, ரெண்டும் ஒரே நாள் போட்ட தளமா?" என்று கேட்டார். ஆமென்றோம். முன்னறையைக் காலையிலும் உள்ளறையைப் பிற்பகலிலும் போட்டதாக அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறோம். "ஒரே சிமெண்டு, ஒரே கம்பி, ஒரே கடல் காத்து. பின்ன எப்படி?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். அவருடைய அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். அவர் பொறுமையாக விளக்கியவற்றை இங்கே சுருக்கித் தருவது கடற்கரை ஊர்களில் வீடுள்ளவர்களுக்குப் பயன்படும். சிமெண்டு காரத்தன்மை மிகுந்தது. அந்தக் காரச் சூழலில் இரும்பின்மேல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலம் ஒன்று தோன்றி, துருப்பிடிக்காமல் காக்கிறது. நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, தாயின் மடியில் இருக்கும் பிள்ளை போல. அந்தக் காவலை உடைப்பவை இரண்டு. ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு. அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உட்புகுந்து காரத்தைக் குறைத்துவிடும். மற்றொன்று உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, காரம் இருக்கும்போதே அப்படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். ஈரமும் காற்றும் சேர்ந்ததும் துரு தொடங்கும். துரு, தான் உண்ட இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் போதாமல் உள்ளிருந்து தள்ளும். கான்கிரீட்டு நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஆகவே பிளக்கிறது, பாளமாய் விழுகிறது. மழைநீர் இதனை விரைவுபடுத்துமேயன்றி, பெரும்பாலும் மழைநீர் மட்டுமே காரணமாவதில்லை.

கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே உள்ள கான்கிரீட்டின் கனத்தைக் கொத்தனார்கள் 'கவர்' என்பார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பு 1978-இல் தளங்களுக்குக் குறைந்தது 15 மி.மீ. கவர் போதும் என்றது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் கடற்கரைச் சூழலுக்கு 45 மி.மீ. என்று விதித்தது. ஆக, எங்கள் வீட்டைப் போல் அந்நாளில் கட்டப்பட்ட கடலோர வீடுகள், அன்றைய விதியை மீறாமலேயே, ஆபத்துக்குள் கட்டப்பட்டவை. அதே விதித்தொகுப்பு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில், ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்கிறது. அரை கிராம்! கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் உண்டு என்று எண்ணிப் பார்த்தால், உவர்க்கிணற்று நீர் எத்துணை எளிதாக அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்பது விளங்கும்.

பொறியாளர் இரண்டு அறைகளின் மேல்தளத்திலிருந்தும் துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். பத்து நாளில் முடிவு வந்தது. உள்ளறைத் தூளில் உப்பு முன்னறையைவிடப் பல மடங்கு மிகுந்திருந்தது. அதுவும் மேற்பரப்பில் மட்டுமின்றி, நடுக்கனத்திலும் அப்படியே. வெளியிலிருந்து காற்றோடு வந்த உப்பு ஆழம் செல்லச்செல்லக் குறையவேண்டும். இது குறையவில்லை. "கலக்கும்போதே உள்ளே போன உப்பு இது" என்றார் பொறியாளர். உள்ளறைத் தளத்தை உவர்நீரில் கலந்திருக்கிறார்கள்.

அன்றிரவு அடுக்களையில் நாங்கள் மூவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டோம். பேச்சு அப்பாவைப் பற்றியது. அவர் சிக்கனத்தின் பல கதைகளை ஒருவருக்கொருவர் நினைவூட்டினோம். குடிநீர்ப் பானையில் கரியால் கோடிட்டு, இன்று இந்த மட்டம்தான் என்று கணக்கு வைத்தவர் அவர். பென்சில் விரலிடுக்கில் நிற்காத அளவு குறையும் வரையில் புதியது வாங்கித் தராதவர். காலையில் நல்ல தண்ணீரைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் செலவை எண்ணிக் கிணற்றுநீருக்கு மாறியிருப்பார் என்று எங்களுள் ஒருவர் சொன்னார். அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று இன்னொருவர் வாதாடினார். சிமெண்டு கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. 1982-இல்தான் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. பெர்மிட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்து, மூட்டை மூட்டையாகச் சேர்த்தவர், அதைக் கெட்ட தண்ணீரில் கலக்கச் சம்மதிப்பாரா? "அதனால்தான் கடைசிவரைக்கும் உடைக்கவிடவில்லை, அவருக்கே தெரியும்" என்றார் முதலாமவர். குரல் உயர்ந்துவிட்டது போலும். திரும்பிப் பார்த்தால் நிலைப்படியில் அம்மா.

நாங்கள் எதையோ சொல்லி மழுப்பப் பார்த்தோம். அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவுக ரெண்டு பீப்பாய் நல்ல தண்ணி சொல்லிவச்சிருந்தாக. முத பீப்பாய் முன்னறைக்குச் சரியாப் போச்சு. ரெண்டாவது வண்டி வந்தப்ப அவுக மேல, கம்பி கட்டுத ஆள்கூட நின்னுக்கிட்டிருந்தாக. நான்தான் வண்டிக்காரர்ட்ட சொல்லிப் பின்வாசல் தொட்டியில ஊத்திக்கிட்டேன்."

தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து இந்நகருக்குக் கொண்டுவந்த பெருமை நகராட்சித் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து அவர்களுடையது. ஊர் இன்றும் அதை நன்றியோடு சொல்லும். ஆனால் ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த எங்கள் தெருவுக்கு 1979-இல் குழாய் வந்து சேரவில்லை. மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்து விற்ற தண்ணீர்தான் குடிநீர். எங்கள் கிணற்றுநீர் வாயில் வைக்க விளங்காது.

"அந்தச் சித்திரையில வண்டி ஒழுங்கா வரல. சின்னவளுக்கு மூணு நாளா வயித்தால போகுது. கிணத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடுத்தா அப்படியே வாந்தி. வைத்தியர் நல்ல தண்ணியாக் குடுங்கன்னு சொல்லிட்டாரு. சோறு வடிக்க, மத்த ரெண்டு பேருக்குக் குடிக்க... நான் என்ன செய்ய மக்கா? கொத்தனாருக்கு நான்தான் கிணத்துல இருந்து இறைச்சு இறைச்சுக் குடுத்தேன். எத்தனை குடம்னு எண்ணல."

எங்களுள் இளையவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது.

"அப்பாவுக்கு?" என்று கேட்டோம்.

"சாயங்காலம் கை கழுவத் தொட்டி மூடியத் திறந்தாக. நிறையத் தண்ணி கிடந்துச்சு. பாத்தாக. மூடிட்டாக. ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கும் கேக்கல, செத்த அன்னைக்கு வரைக்கும் கேக்கல." சற்று நிறுத்திவிட்டு, "அடுத்த நாள்ல இருந்து பானையில கோடு போட ஆரம்பிச்சாக" என்றார்.

அடுக்களையில் அன்று வேறு பேச்சில்லை. நாங்கள் குடித்து வளர்ந்த தண்ணீர் அது. முப்பதாண்டுக் காலம் நாங்கள் கஞ்சத்தனம் என்று சொல்லிச் சிரித்த கரிக்கோட்டின் தொடக்கமும் அதுவே. ஏணியில் ஏறி, தாமே வெள்ளையடித்து, பிறர் சுத்தியல் படவிடாமல் அவர் காத்தது எதை என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வேலை ஏப்ரலில் தொடங்கிற்று. முதலில் மாடிமேல். மேலே ஒழுகும்போது கீழே பூசுவது வீண் என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கைப்பிடிச் சுவரோரம் பிளந்திருந்த தட்டோடுகளைப் பெயர்த்து, சரிவைத் திருத்தி, குழாய் வாயை அகலப்படுத்தி மறுபடியும் பதித்தார்கள். அதன் பின்னரே உள்ளறை. தளத்துக்கு ஜாக்கிகளால் முட்டுக்கொடுத்துவிட்டு, சாக்கட்டிக் கோட்டையும் தாண்டி, நல்ல கான்கிரீட்டு தென்படும் வரையில் கொத்தினார்கள். கம்பிகளின் அடிப்புறம் மட்டுமன்றி அவற்றின் முதுகுப்புறமும் விரல் நுழையும்படி கொத்தவேண்டும். இல்லாவிட்டால் மறைவில் துரு தங்கிவிடும். வீடு முழுவதும் தூசு. திருஇருதயப் படத்தைக்கூடத் துணியால் சுற்றி வைத்தோம். கம்பியிலிருந்து துரு அப்பளம் அப்பளமாகக் கழன்றது. மூன்று நூல் கம்பி சில இடங்களில் ஒன்றரை நூலாகத் தேய்ந்திருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் புதுக்கம்பி வைத்து, இரண்டு முனையிலும் நல்ல பழைய கம்பியோடு ஒன்றரை அடிக்கு மேல் இணைந்து ஓடும்படி கட்டுக்கம்பியால் கட்டினார்கள். இரும்புத் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, துத்தநாகம் கலந்த பூச்சு. அதன்மேல் பாலிமர் கலந்த சாந்து. ஒரே தடவையில் கனமாக அப்பினால் தன் எடையாலேயே தொங்கிவிடும். ஆகவே மெல்லிய அடுக்கு, காத்திருப்பு, மறுபடியும் அடுக்கு.

சாந்து கலக்கத் தொடங்கிய காலையில் கையாள் பையன் பின்புறக் குழாயைத் திறந்து வாளியை வைத்தான். அது ஆழ்துளைக் கிணற்று நீர். அம்மா எங்கிருந்துதான் பார்த்தாரோ, வேகமாக வந்து குழாயை மூடினார். "இந்தத் தண்ணி வேண்டாம்யா" என்று சொல்லி, அடுக்களையிலிருந்து மாநகராட்சித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வரச் சொன்னார். பையன் சிரித்தான், அண்ணாச்சி சிரிக்கவில்லை. வேலை முடியும் வரையில், பூச்சைக் குளிர்வித்த ஏழு நாள்களும் சேர்த்து, அந்த அறைக்குள் சென்ற ஒவ்வொரு குடத்தையும் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். குடிக்கத் தண்ணீர் குறைந்து நாங்கள் கேன் வாங்கவேண்டியதாயிற்று.

வண்ணம் அடிக்க ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். ஈரம் காயாத சிமெண்டில் வண்ணம் நிற்காது. புதுச் சிமெண்டின் காரமும் வண்ணத்தைத் தின்றுவிடும். ஈரம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடித்தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரவு விட்டுவிடவேண்டும். காலையில் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். மூன்று முறை வியர்த்தது.

அந்தக் காத்திருப்பில் எங்களுள் ஒருவர் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தைப் பற்றிப் படித்துச் சொன்னார். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டுவதற்கு முன்னர், அது விண்மீன்கள் நிறைந்த நீல வானமாகத்தான் தீட்டப்பட்டிருந்ததாம். 1504-இல் கட்டடம் அமிழ்ந்து விதானத்தில் பெரும் விரிசல் கண்டது. பழுதுபார்த்த வடு வானத்தின் குறுக்கே நின்றது. பிற்காலத்தில் கூரை ஒழுகி உப்புப் பூத்தபோது, அந்த வெண்மை தெரியாதிருக்க எண்ணெய் தடவினார்களாம். நாளடைவில் அந்த எண்ணெயே கறுத்துவிட்டது. 1625-இல் ரொட்டித் துண்டால் தேய்த்துத் துடைத்தவர்களும் உண்டு. 1980-இல் தொடங்கிய பெரும் புதுப்பிப்பில், வண்ணத்துக்குக் கேடு செய்திருந்த புகையோடு, முந்தியவர்கள் அக்கறையோடு பூசியவற்றையும் சேர்த்தே நீக்கவேண்டியிருந்தது. அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அங்கேயும் உப்புதானா?" என்றார்.

பின்னர் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்தார்கள். அந்தத் தாளின் பெயரைக் கேட்டு நாங்கள் சிரித்துவிட்டோம். பெயிண்டருக்குக் காரணம் விளங்கவில்லை. எஞ்சிய பழைய கறையின்மேல் எண்ணெய் பிரைமர், பிறகு இரண்டு கை எமல்ஷன். வெள்ளைதான். துளி நீலம் சேர்க்க முடியுமா என்று அம்மா கேட்டார். இதில் அது தேவையில்லை என்று பெயிண்டர் சொன்னதும், "சரி" என்று விட்டுவிட்டார்.

இத்தோடு முடிந்துவிட்டதா என்று பொறியாளரைக் கேட்டோம். அவர் ஒளிக்கவில்லை. கொத்தாமல் விட்ட நல்ல பகுதியிலும் பழைய உப்பு இருக்கத்தான் செய்கிறது. அதைக் கழுவி எடுக்க முடியாது. புதுச்சாந்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பழைய இடத்தில் துரு சில வேளை முன்னைவிட விரைவாகவே பிடிக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

2024 டிசம்பரில், திருவருகைக் காலத்தின் முதல் வாரம், நாங்கள் மூவரும் மறுபடியும் கூடினோம். அப்பாவின் ஏணியைச் சுவரில் சாய்த்து, எங்களுள் மூத்தவர் சிறு சுத்தியலோடு ஏறினார். மட்டையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ணங், ணங் என்று ஓசை அறையைச் சுற்றி நடந்தது. வடமேற்கு மூலையில், அலமாரிக்கு மேலே, எங்கள் காதுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது.

"அங்க இன்னொரு தடவை தட்டு" என்றார் அம்மா.

தட்டினோம்.